ஒவ்வொன்றாய்க் காப்பாற்றப்படும் இனம்

1494-ல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரீபியக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தார். இஸ்பானியோலா தீவுக்குத் தெற்கே ஒரு குட்டித் தீவின் மணலில் படுத்திருந்த எட்டு சீல்களை அவருடைய ஆட்கள் இறைச்சிக்காகக் கொன்றார்கள். மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்று அந்த விலங்குகளுக்குத் தெரியாது. பின்வந்த நூற்றாண்டுகளில் கரும்பாலை இயந்திரங்களுக்கு எண்ணெய் போடவும் விளக்கெரிக்கவும் அவற்றின் கொழுப்பை உருக்கினார்கள். 1952-ல் ஜமைக்காவுக்குத் தென்மேற்கே செரனில்லா என்ற மணல்திட்டில் கடைசியாகச் சில கண்ணில் பட்டன. அமெரிக்க அரசு அந்த இனத்தை அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது 1967-ல். கடைசியாகப் பார்த்து அப்போதே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 2008-ல் இனம் அற்றுப்போனதாக முறைப்படி அறிவித்தார்கள். எங்கெங்கே குட்டி போட்டன, எந்த ஆண்டில் எத்தனை இருந்தன, எதனால் முதலில் குறையத் தொடங்கின என்று யாரும் முறையாகக் குறித்து வைக்கவில்லை. காப்பாற்ற நினைத்தவர்கள் இருந்திருந்தாலும் எங்கிருந்து தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அதன் நெருங்கிய சொந்தம் ஒன்று இன்னும் உயிரோடிருக்கிறது. அது ஹவாய் துறவி சீல். பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய் தீவுத் தொடரில் மட்டும் வாழும் கடல்நாய். மத்தியதரைக் கடலிலும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலும் வாழும் இன்னொரு துறவி சீல் சற்றே தூரத்து உறவு. அதுவும் எண்ணிக்கையில் ஆயிரத்துக்குக் குறைவு. ஹவாய் இனத்தில் இன்று இருப்பவை ஏறத்தாழ 1,600. நம்மூர்ப் பெரிய கல்யாணம் ஒன்றில் சாப்பிட உட்காருகிறவர்களின் எண்ணிக்கைதான் அது.

கரீபிய சீலுக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்திருக்கலாம். நேராமல் போனதற்குக் காரணம், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிலர் இந்த சீல்களை ஒவ்வொன்றாக எண்ணி, அடையாளம் வைத்து, ஆபத்தில் சிக்கியதை ஒவ்வொன்றாகப் போய் மீட்டுக்கொண்டிருப்பதுதான். ஆராய்ச்சியும் மீட்பும் இங்கே ஒரே வேலையின் இரண்டு கைகள். ஒன்று இல்லாமல் மற்றது நடக்காது.

வெப்பக் கடலின் சீல்

சீல் என்றதும் பனிப்பாறைதான் நினைவுக்கு வரும். துறவி சீல்களோ வெதுவெதுப்பான நீரில் வாழ்பவை. வளர்ந்த ஹவாய் சீல் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். எடை 170 முதல் 270 கிலோ வரை. இரவும் பகலும் கடலில் இரை தேடும். களைத்தால் மணலில் ஏறிப் படுத்து மணிக்கணக்கில் அசையாமல் தூங்கும். ஆண்டுக்கொரு முறை பழைய தோலும் முடியும் சேர்ந்து உரியும்.

குட்டி பிறக்கும்போது கன்னங்கரேலென்று இருக்கும். எடை சுமார் 15 கிலோ. அதன்பின் ஐந்தாறு வாரம் தாய் பால் கொடுக்கும். அந்தக் காலம் முழுக்கத் தாய் இரை தேடப் போவதில்லை. தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்தே பாலாக்கித் தருகிறது. தாய் இளைக்க இளைக்கக் குட்டி கொழுக்கும். பிறந்த எடையைப் போல நான்கைந்து மடங்காகும். பிறகு ஒருநாள் தாய் கடலுக்குள் போய்விடும், திரும்பி வராது. எது இரை, அதை எங்கே தேடுவது, எப்படிப் பிடிப்பது என்று அந்தக் குட்டிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உடம்பில் சேர்ந்த கொழுப்பு தீர்வதற்குள் அது தானே கற்றுக்கொண்டாக வேண்டும்.

இந்த இனத்தின் தலையெழுத்தை எழுதுவது அந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். நிலைமை மோசமாக இருந்த காலத்தில் ஹவாய் தொடரின் வடமேற்குத் தீவுகளில் பிறந்த குட்டிகளில் ஐந்தில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதானது. பெண் சீல் குட்டி போடத் தொடங்க ஐந்து முதல் பத்து வயது ஆகும். ஆண்டுக்கு ஒரு குட்டிக்கு மேல் போடாது. இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில் இளம் பெண் சீல் ஒன்று செத்தால் இழப்பு ஒன்றோடு நிற்பதில்லை. அது போட்டிருக்கக்கூடிய பத்துக் குட்டிகளும், அவற்றின் குட்டிகளும் கணக்கிலிருந்து போகின்றன. மீட்புப் பணியின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

தலை எண்ணும் வேலை

ஹவாய் என்றால் நாம் அறிந்தது ஹொனலுலுவும் எரிமலைகளும் உள்ள பெரிய தீவுகள். அவற்றுக்கு வடமேற்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டுகளும் மணல்தீவுகளும் சிதறிக் கிடக்கின்றன. நிஹோவா, பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸ், லேசான், லிசியான்ஸ்கி, பேர்ல் அண்ட் ஹெர்மிஸ், மிட்வே, கூரே. சீல்களில் முக்கால் பங்கு, அதாவது சுமார் 1,200, இங்கேதான். இன்று பாப்பஹானௌமொகுவாகேயா என்று அழைக்கப்படும் இப்பகுதி 2006-ல் தேசியக் கடல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2010-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே முதல் முறையான கணக்கெடுப்பு 1950-களின் இறுதியில் நடந்தது. அதன்பின் வந்த கணக்குகள் பெரும்பாலும் சரிவையே காட்டின. 1976-ல் அமெரிக்கச் சட்டப்படி அழியும் ஆபத்திலுள்ள இனமாக இது அறிவிக்கப்பட்டது. 1980-களின் தொடக்கத்திலிருந்து, நோவா எனப்படும் அமெரிக்க தேசியப் பெருங்கடல் வளிமண்டல நிர்வாகத்தின் விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் தீவுகளில் முகாமிட்டு எண்ணி வருகிறார்கள்.

அந்த முகாம்கள் எப்படிப்பட்டவை என்று கொஞ்சம் பார்க்கலாம். ஒரு தீவுக்கு இரண்டு மூன்று பேர்; மாதக்கணக்கில் கூடாரத்தில் வாசம். குடிதண்ணீர் முதல் அரிசி வரை எல்லாம் கப்பலில் வந்து இறங்க வேண்டும். வேற்று விதையோ பூச்சியோ தீவில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் துணிமணி, பை, கூடாரம் எல்லாமே புதிதாக இருக்க வேண்டும்; அவற்றையும் 48 மணி நேரம் உறைபெட்டியில் வைத்த பிறகே கரையில் இறக்கலாம். அங்கே அன்றாட வேலை நடப்பதுதான். தீவைச் சுற்றி நடந்து, படுத்திருக்கும் ஒவ்வொரு சீலும் யாரென்று பார்த்து எழுத வேண்டும். பால் மறந்த குட்டியின் பின் துடுப்புகளில் எண்ணிட்ட பிளாஸ்டிக் வில்லைகள் பூட்டப்படும். பெரியவற்றின் முதுகு முடியில், தலைமுடியை வெளுக்கும் களிம்பால் பெரிய எண் ஒன்று எழுதுவார்கள். தோல் உரியும் வரை தொலைநோக்கியில் அதைப் படிக்கலாம். உரிந்த பிறகு தழும்புகள், இயற்கையான வெள்ளைத் திட்டுகள், துடுப்பு வில்லை ஆகியவற்றை வைத்து அடையாளம் காண்பார்கள். இப்படிக் கிட்டத்தட்ட ஒவ்வொரு சீலுக்கும் பிறந்த இடம், வயது, பட்ட காயம், போட்ட குட்டிகள் என்று ஒரு வாழ்க்கைக் குறிப்பு சேர்ந்திருக்கிறது. காட்டு விலங்குகளில் இவ்வளவு நுணுக்கமான ஏடு உள்ள இனங்கள் மிகச் சில.

கடலுக்கடியில் நடப்பதை அறிய வேறு வழி தேவைப்பட்டது. 1990-களின் நடுவில் நேஷனல் ஜியாகிராஃபிக்கின் கிரிட்டர்கேம் கேமராக்களைச் சில சீல்களின் முதுகில் ஒட்டி அனுப்பினார்கள். அதுவரை, கரையோரப் பவளப்பாறைகளில் திரியும் மீன்களே இவற்றின் முக்கிய இரை என்று நினைத்திருந்தார்கள். கேமரா காட்டியது வேறு. வளர்ந்த சீல்கள் பாறைகளைத் தாண்டி ஆழமான சரிவுகளுக்கும் மணல்வெளிகளுக்கும் போயின. கற்களை மூக்கால் புரட்டி, பொந்துகளில் முகத்தை நுழைத்து, ஒளிந்திருந்த மீன், விலாங்கு, ஆக்டோபஸ் ஆகியவற்றைப் பிடித்தன. கூடவே பெரிய பாரை மீன்கள் பின்தொடர்ந்து வந்து, சீல் புரட்டிய இரையைப் பறித்துத் தின்றன. குட்டிகள் ஏன் பட்டினி கிடந்தன என்பதற்கு ஒரு விடை அதில் இருந்தது. இரை தேடக் கற்றுக்கொண்டிருக்கும் குட்டியால் பாரைகளோடும் சுறாக்களோடும் போட்டி போட முடியாது.

பொந்தில் முகம் நுழைக்கும் பழக்கத்தால் விந்தையான விபத்துகளும் உண்டு. 2018-ல் வடமேற்குத் தீவு ஒன்றில் இளம் சீல் ஒன்றின் மூக்குத்துளைக்குள் விலாங்கு ஒன்று நுழைந்து சிக்கிக்கொண்டது. வால் பக்கம் மட்டும் வெளியே தொங்கியது. முகாமிலிருந்தவர்கள் சீலைப் பிடித்து நிறுத்தி விலாங்கை உருவி எடுத்தார்கள். சீல் பிழைத்தது. அந்தத் தீவில் அன்று எண்ண ஆளிருந்ததால்தான் உருவவும் ஆளிருந்தது.

கழுத்தை அறுக்கும் கயிறு

விலாங்கு அபூர்வம். வலையும் கயிறும் அன்றாட ஆபத்து. வட பசிபிக்கின் நீரோட்டங்கள் பெரும் சுழலாகச் சுற்றி வருகின்றன. அந்தச் சுழலின் பாதையில் ஹவாய் தீவுத் தொடர் கிடக்கிறது. எங்கோ தொலைவில் அறுந்த, கைவிடப்பட்ட மீன்பிடி வலைகள் மிதந்து வந்து இந்தத் திட்டுகளில் மாட்டிக்கொள்கின்றன. ஆள் குடியேறாத தீவுகளில்தான் உலகின் குப்பை ஒதுங்குகிறது.

குட்டி சீல்கள் எதையும் முகர்ந்து, கடித்து, தலையை நுழைத்துப் பார்ப்பவை. கயிற்று வளையம் ஒன்று கழுத்தில் விழுந்தால் முதலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. குட்டி வளரும், கயிறு வளராது. மாதங்கள் போகப் போக அது தோலைக் கீறி, சதைக்குள் இறங்கி, மூச்சையும் விழுங்குவதையும் தடுக்கும். வலை பவளப்பாறையில் மாட்டியிருந்தாலோ நீருக்குள்ளேயே மூச்சுமுட்டிச் சாவுதான். விலாங்கு போன்ற ஒருவகை மீனைப் பிடிக்கும் பொறியின் வாயில் பொருத்தும் கருப்புப் பிளாஸ்டிக் புனல்களும் கரை ஒதுங்குகின்றன. குட்டி அதில் மூக்கை நுழைத்தால் புனலின் உள்முகப் பற்கள் பிடித்துக்கொள்ளும். வாயைத் திறக்க முடியாது. பிறர் கழற்றாவிட்டால் பட்டினி கிடந்தே செத்துப்போகும்.

மீட்பது சில நிமிட வேலை. இருவர் மூவர் சேர்ந்து குட்டியை மணலில் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் கத்தியால் கயிற்றை அறுத்துவிடுவார். ஆனால் அந்தச் சில நிமிடத்துக்காக ஆட்கள் மாதக்கணக்கில் அங்கே இருந்தாக வேண்டும். 2020-ல் கொரோனாவால் நோவாவின் முகாம்கள் நடக்கவில்லை. அந்தக் கோடையில் பெரும்பாலான தீவுகளில் அறுத்துவிட யாரும் இல்லை.

அறுப்பதோடு நிற்காமல் வலைகளையே அகற்றும் வேலை 1996-ல் தொடங்கியது. முக்குளிப்பவர்கள் மூச்சடக்கிப் பாறைகளில் இறங்கி, பவளம் உடையாமல் வலையைத் துண்டு துண்டாக அறுத்துப் படகில் ஏற்றுகிறார்கள். இதுவரை 900 டன்னுக்கு மேல் குப்பை வெளியேறியிருக்கிறது. அது பயன் தந்ததா என்று சொல்லவும் அந்தப் பழைய ஏடுகளே உதவின. எந்தத் தீவில் எந்த ஆண்டில் எத்தனை சீல்கள் சிக்கின என்ற பதிவை வைத்துக் கணக்கிட்டு 2024-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. தீவிரமாகத் துப்புரவு நடந்த இடங்களில் சீல்கள் சிக்குவது வெகுவாகக் குறைந்திருந்தது. கடற்குப்பையை அள்ளினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு அது எண்ணில் கிடைத்த சான்று.

சுறாவும் சண்டைக்கார ஆண்களும்

எல்லா ஆபத்தும் மனிதனால் வருவதில்லை. பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸில் 1990-களில் ஒரு புதிய சிக்கல் தெரிந்தது. கலபகோஸ் சுறாக்கள் கரையோர ஆழமில்லாத நீர்வரை வந்து பால்குடிக் குட்டிகளைக் கவ்வத் தொடங்கின. மற்ற தீவுகளில் இந்தப் பழக்கம் இப்படிப் பரவவில்லை. சுறாக்களை விரட்டிப் பார்த்தார்கள். சிலவற்றைப் பிடித்தும் அகற்றினார்கள். கடைசியில் அதிகம் கைகொடுத்தது எளிய வழிதான். தாய் விட்டுப்போன உடனேயே குட்டியைத் தூக்கிச் சுறா குறைந்த இடத்துக்கு மாற்றிவிடுவது. உணவு கிடைக்கும் வாய்ப்பு அதிகமுள்ள தீவுகளுக்கும் இப்படியே குட்டிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். எந்தத் தீவில் குட்டிகள் பிழைக்கின்றன என்ற கணக்கு கையில் இருந்ததால்தான் எங்கே விடுவது என்று முடிவெடுக்க முடிந்தது.

லேசான் தீவில் வேறு வகைச் சிக்கல். அங்கே பெண்களைவிட ஆண்கள் பெருகிப்போய், பல ஆண்கள் கூட்டமாக ஒரு பெண் சீல் மேல் பாய்ந்து அதைக் காயப்படுத்திக் கொன்றன. 1994-ல் 21 ஆண் சீல்களைப் பிடித்துப் பெரிய தீவுகளின் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். பெண்களின் சாவு குறைந்தது.

பட்டினிக் குட்டிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி

கயிறு இல்லை, சுறா இல்லை, ஆனாலும் எலும்பு தெரிய இளைத்துக் கிடக்கும் குட்டிகளை என்ன செய்வது? 1981-ல் கூரே தீவில் பில் கில்மார்ட்டின் என்ற விஞ்ஞானியின் தலைமையில் ஒரு முயற்சி நடந்தது. பால் மறந்த பெண் குட்டிகளைக் கரையோரம் வேலியடைத்த நீர்ப்பரப்பில் வைத்து, ஆபத்துகள் இல்லாமல் இரை பிடிக்கப் பழகவிட்டுப் பிறகு திறந்துவிட்டார்கள். அற்றுப்போகும் நிலையிலிருந்த கூரே தீவின் சீல்கள் மீளத் தொடங்கின.

இன்று அந்த வேலைக்கென்றே ஒரு மருத்துவமனை இருக்கிறது. ஹவாய் பெரிய தீவின் கோனா கரையில் மரைன் மேமல் சென்டர் என்ற அமைப்பு 2014-ல் திறந்த கே கை ஓலா. இளைத்த குட்டிக்கு எடுத்த எடுப்பில் முழு மீன் செரிக்காது. முதலில் உப்புச் சத்துகளும் தண்ணீரும். பிறகு அரைத்த மீன் கூழைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்துவார்கள். உடம்பு தேறியதும் முழு ஹெர்ரிங் மீன். கடைசியில் தொட்டியில் தானே தேடிப் பிடிக்கும் பழக்கம். எடை பல மடங்கு கூடிய பிறகு, கப்பலிலோ கடலோரக் காவல் படையின் சி-130 விமானத்திலோ ஏற்றி, முடிந்தவரை அது பிறந்த பகுதியிலேயே கொண்டுபோய் விடுவார்கள். பெண் குட்டிகளுக்கே அங்கே முதலிடம்.

அங்கே பணிபுரிகிறவர்கள் காக்கும் கண்டிப்பான விதி ஒன்று உண்டு. குட்டியோடு பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது, தேவையின்றி அதன் கண்ணில் படக் கூடாது. காரணம் 2008-ல் கவாய் தீவில் பிறந்த கேபி-2 என்ற குட்டியின் கதை. பிறந்ததும் தாய் ஒதுக்கிவிட, மனிதர்கள் பாலூட்டி வளர்த்து மொலோகாய் தீவில் விட்டார்கள். அது மனிதர்களையே தன் இனம் என்று நம்பியது. படகுத்துறைக்கு வந்து குழந்தைகளோடு நீந்தி விளையாடியது. ஊரே அதை நேசித்தது. ஆனால் வளர்ந்த சீல் விளையாட்டாகப் பிடித்து அமுக்கினாலே ஒரு குழந்தை மூழ்கிவிடும். கண்ணிலும் புரை விழுந்திருந்ததால் கடைசியில் அதைக் கடலிலிருந்து மீட்டுக் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். டெரி வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி அங்கே அதன் உடல் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது, வெப்பத்தை எப்படித் தாங்குகிறது என்றெல்லாம் அளந்தார். இந்த இனத்தின் உடலியல் பற்றி நமக்குத் தெரிந்ததில் நல்லதொரு பகுதி அந்த ஒரு சீல் தந்தது. பின்னர் அது வைகிக்கி மீன்காட்சியகத்துக்குத் திரும்பியது. கடலுக்குத் திரும்பவே இல்லை.

மனிதர் நடுவே

பெரிய தீவுகளில் பல நூற்றாண்டுகளாக சீல் நடமாட்டம் அரிதாக இருந்தது. 1990-களிலிருந்து அவை திரும்பத் தொடங்கின. இன்று சுமார் 400. போட்டி குறைவென்பதால் இங்கே குட்டிகள் கொழுகொழுவென்று வளர்கின்றன. ஆனால் சிறு படகுக்காரர்களுக்கும் தூண்டில்காரர்களுக்கும் இது புது வரவு. 21 ஆண்களைக் கொண்டுவந்து விட்டதால், சீல்கள் எல்லாமே அரசு இறக்கியவை என்று பலர் நம்பினார்கள். ஆண்கள் மட்டும் வந்து குட்டி பெருகாது. பழங்குடியிருப்புகளின் அகழாய்வில் கிடைத்த சீல் எலும்புகளும் இவை இத்தீவுகளின் பழைய வாசிகள் என்றே சொல்கின்றன. இருந்தும் கோபம் சில நேரம் கொலையாகியிருக்கிறது. 2010-ல் ஹவாய் மாநிலம் துறவி சீல் கொலையைப் பெருங்குற்றமாக்கியது. ஐந்தாண்டு வரை சிறை. 2021-ல்கூட மொலோகாயில் சீல்கள் வேண்டுமென்றே கொல்லப்பட்டன.

தூண்டில் முள் இன்னொரு எதிரி. ஆர்5ஏஒய் என்ற எண்ணும் ஹனி கேர்ள் என்ற செல்லப்பெயரும் கொண்ட பெண் சீல், ஓஆஹு தீவில் பல குட்டிகளை ஈன்ற தாய். 2012 நவம்பரில் கன்னத்தில் முள் ஏறி, தூண்டில் நரம்பு நாக்கைச் சுற்றி இறுகி, எலும்பும் தோலுமாக அது கண்டெடுக்கப்பட்டது. ஹொனலுலு மிருகக்காட்சி சாலையில் மருத்துவர்கள் அறுவை சிகிச்சை செய்தார்கள். அழுகிப்போன நாக்கில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பிழைத்தால் போதும் என்ற நிலையில் இருந்த அந்த விலங்கு சில நாட்களில் மீனைத் தானே விழுங்கத் தொடங்கியது. கடலில் விட்டார்கள். எடை கூடியது. பிறகு மீண்டும் குட்டிகளை ஈன்றது. அன்று அந்த ஒரு மேசையில் காப்பாற்றப்பட்டது ஓர் உயிர் மட்டுமல்ல, ஒரு வம்சம். கொக்கிச் செதில் இல்லாத முள்ளைப் பயன்படுத்தினால் சீல் தானே உதறிக் கழற்றிக்கொள்ளும் என்று மீனவர்களிடம் அரசு இப்போது பரப்பி வருகிறது. அத்தகைய முட்களை இலவசமாகவும் கொடுக்கிறது.

2017-ல் ராக்கி என்ற சீல், சுற்றுலாக் கூட்டம் நெரியும் வைகிக்கியின் கைமானா கடற்கரையில் குட்டி போட்டது. தன்னார்வலர்கள் கயிறு கட்டி, பொறுமையாக மக்களை விலக்கி, வாரக்கணக்கில் காவல் நின்றார்கள். பால் மறந்ததும் குட்டியை ஆளரவமற்ற கரைக்கு மாற்றினார்கள். சீலுக்குப் பதினைந்து மீட்டர், குட்டியுள்ள தாய்க்கு நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே சொல்லப்படும் அளவு.

கண்ணுக்குத் தெரியாத எதிரிகள்

1997-ல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் காபோ பிளாங்கோ என்ற இடத்தில் மத்தியதரைத் துறவி சீல்களின் மிகப் பெரிய கூட்டம் இரண்டே மாதங்களில் மூன்றில் இரண்டு பங்கு செத்து ஒதுங்கியது. வைரஸா, நச்சுப்பாசியா என்ற விவாதம் முழுதும் ஓயவில்லை. ஆனால் ஹவாய் விஞ்ஞானிகளுக்கு அது எச்சரிக்கை மணி. தட்டம்மைக்கும் நாய்களின் டிஸ்டெம்பர் நோய்க்கும் காரணமான வைரஸ் குடும்பம் ஐரோப்பாவில் 1988-லும் 2002-லும் பல்லாயிரம் சீல்களைக் கொன்றிருந்தது. ஹவாய் சீல்களுக்கு அந்த வைரஸை எதிர்க்கும் சக்தி இல்லை. ஒரு நோயுற்ற நாய், ஒரு நோயுற்ற திமிங்கிலம் போதும்.

அதனால் முன்பு எங்கும் செய்யாததைச் செய்தார்கள். வளர்ப்பிலிருந்த சீல்களில் சோதித்துப் பார்த்த டிஸ்டெம்பர் தடுப்பூசியை 2016-ல் இயற்கையில் வாழும் சீல்களுக்குப் போடத் தொடங்கினார்கள். நீண்ட கோலின் முனையில் ஊசி. மணலில் தூங்கும் சீலை நெருங்கி ஒரே குத்து. சில வாரம் கழித்து அதே சீலைத் தேடிப் பிடித்து இரண்டாவது தவணை. எந்த சீல் எது என்று தெரிந்திராவிட்டால் இரண்டாவது தவணையை யாருக்குப் போடுவது? கடல்வாழ் பாலூட்டி இனம் ஒன்றைக் காப்பதற்காக இயற்கையில் வாழும் அதன் விலங்குகளுக்கே தடுப்பூசி போட்டது உலகில் அதுவே முதல் முறை.

தடுப்பூசி இல்லாத நோயும் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை இனத்தின் குடலில்தான் பால்வழி இனப்பெருக்கம் செய்யும். பூனை மலத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் தடித்த ஓடு கொண்டவை. மண்ணிலும் நீரிலும் மாதக்கணக்கில் அழியாது. மழை அவற்றை ஓடையில் சேர்த்துக் கடலுக்குக் கொண்டுபோகும். சீலின் மூளை, கல்லீரல், தசை எல்லாவற்றையும் நோய் தாக்கும். வெளியில் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இந்த நோயால் குறைந்தது பன்னிரண்டு ஹவாய் சீல்கள் இறந்தது உறுதியாகியிருக்கிறது. அவற்றில் பெண்களே அதிகம். ஹவாயில் பூனை இயற்கையாக இருந்த விலங்கல்ல, கப்பலேறி வந்தது. வீட்டுப்பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பதும் அதன் கழிவைக் கட்டிக் குப்பையில் போடுவதும் அங்கே சீல் பாதுகாப்பின் ஒரு பகுதி.

மிச்சமிருக்கும் வேலை

2018 அக்டோபரில் வலாகா என்ற சூறாவளி பிரெஞ்சு ஃபிரிகேட் ஷோல்ஸின் கிழக்குத் தீவைக் கிட்டத்தட்ட முழுதாகக் கடலில் கரைத்தது. சீல்கள் குட்டி போட்டுவந்த முக்கியமான இடம் அது. பக்கத்திலுள்ள டெர்ன் தீவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய தடுப்புச் சுவர் துருப்பிடித்து இடிந்து, சீல்கள் உள்ளே நுழைந்து வெளிவர முடியாமல் மாட்டிக்கொள்ளும் பொறியாகிவிட்டது. கடல்மட்டம் உயர உயரக் குட்டி போட மணலே குறையும். கயிற்றை அறுப்பது போல இதற்குச் சில நிமிட வைத்தியம் இல்லை.

இத்தனைக்கும் நடுவே கணக்கு மாறியிருக்கிறது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சரிந்து வந்த எண்ணிக்கை 2013-க்குப் பின் ஆண்டுக்குச் சராசரியாக 2 விழுக்காடு உயரத் தொடங்கியது. 2022-ல் நோவா வெளியிட்ட கணக்கில், இருபது ஆண்டுகளுக்கு மேலான இடைவெளிக்குப் பின் 1,500-ஐத் தாண்டியது. இன்று உயிரோடிருக்கும் சீல்களில் ஏறத்தாழ 30 விழுக்காடு யாரோ ஒருவர் போய் மீட்டவை அல்லது அப்படி மீட்கப்பட்டவற்றின் சந்ததி என்று நோவா மதிப்பிடுகிறது.

இலக்கு இன்னும் தொலைவில்தான். ஆபத்தின் தீவிரம் குறைந்ததாக அறிவிக்க வேண்டுமானால் வடமேற்குத் தீவுகளில் 2,900-ம் பெரிய தீவுகளில் 500-ம் வேண்டும் என்று 2007-ன் மீட்புத் திட்டம் சொல்கிறது. ஆண்டுக்கு 2 விழுக்காடு என்ற வேகத்தில் அது ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட உழைப்பு. இடையில் முகாமுக்குப் பணம் நின்றால், கப்பல் புறப்படாமல் போனால், அந்த ஆண்டுக் குட்டிகளைத் திரும்பப் பெற முடியாது.

எங்கோ இருக்கும் அரிய விலங்கு ஒன்றைக் காப்பாற்றச் சட்டமும் பூங்காவும் போதும் என்று நாம் எளிதில் நினைத்துவிடுகிறோம். ஹவாய் சீல்களுக்குச் சட்டம் 1976-லேயே வந்தது. எண்ணிக்கை உயர மேலும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த இடைவெளியை நிரப்பியது ஆண்டுக்கு ஆண்டு போய் எண்ணியவர்களின் உழைப்பு. எந்த ஊரில் எந்த உயிரினத்துக்காக இப்படிப்பட்ட சலிப்பூட்டும் நீண்ட காலக் கணக்கெடுப்பு நடந்தாலும் அதை வீண் செலவென்று வெட்டவிடாதீர்கள். மீட்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது.